பொம்மைக்கு ஒரு கூஜா, ஒரு குடை, ஒரு சங்கிலி

பதினொன்றரை அங்குல உயரத்தில் ஒரு பொம்மைப் பெண். 1955 வாக்கில் திருச்சி ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கையில் என்ன கொடுப்பீர்கள்? பளபளக்கும் நெக்லஸும் கைப்பையும் கடையிலேயே கிடைக்கும். எனக்கு அவள் கையில் ஒரு பித்தளைக் கூஜா வேண்டும். காலடியில் டிரங்குப் பெட்டி, தோல்வார் போட்டு இறுக்கிய ஹோல்டால், அதில் செருகிய குடை, இடுப்பில் ஒரு சுருக்குப் பை. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் அவள் எங்கோ கிளம்பிவிட்டாள் என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். அதுவரை அவள் கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும் வெறும் பொம்மை.

மன்னார்புரத்தில் குடியிருக்கிறேன். பொன்மலை ரயில்வே பணிமனை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்ததிலிருந்து, இந்தப் பக்கத்துப் பல குடும்பங்களுக்கு ரயிலோடு ஏதாவது ஓர் உறவு உண்டு. யார் வீட்டுப் பரணிலும் பழைய டிரங்கு ஒன்று இருக்கும். ஹோல்டாலின் வாரில் பூஞ்சை பிடித்திருக்கும், கூஜாவின் மூடி திருகாமல் இறுகியிருக்கும். எனக்கு மாதிரிப் புத்தகம் இவைதான். நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு படியையோ ஓரத்தையோ ஒதுக்கி 'அந்தக் காலத்து' காட்சி ஒன்று அமைக்கிறார்கள். குழந்தைகளின் பார்பி வகைப் பொம்மைகளும் அதில் இடம் பிடித்துவிடுகின்றன. அப்படிப்பட்ட காட்சிகளுக்காகவும், தெருப் பிள்ளைகளின் பொம்மைகளுக்காகவும் இவற்றைச் செய்யத் தொடங்கினேன். செய்யச் செய்யக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பார்பியும் அந்த அளவிலுள்ள மற்ற ஃபேஷன் பொம்மைகளும் மனித உருவத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆகவே நிஜப் பொருளை இஞ்ச் டேப்பால் அளந்து ஆறால் வகுத்துவிட்டால் பொம்மைக்கான அளவு கிடைத்துவிடும். மூன்றரை சென்டிமீட்டர் அகல ஒட்டியாணம் பொம்மைக்கு 6 மில்லிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் ஜிமிக்கிக் குடை 4 மில்லிமீட்டர். ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் மிகச் சிறிய ஜிமிக்கி மோல்டு ஒரு சென்டிமீட்டர் இருக்கும். அதைப் பொம்மையின் காதில் மாட்டினால் ஆறு சென்டிமீட்டர் மணியைத் தொங்கவிட்டதாக ஆகிவிடும். அதற்குப் பதிலாக, மணி கோக்கும்போது இரண்டு பக்கமும் வைக்கிற 4 மில்லிமீட்டர் பீட் கேப்பைக் கவிழ்த்து, அடியில் ஒரே ஒரு மணியைத் தொங்கவிடுங்கள். கச்சிதமான ஜிமிக்கி. ஆரி வேலைக்காரர்கள் சுகர் பீட்ஸ் என்று கேட்டு வாங்குகிற மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். பொம்மையின் உலகத்தில் அது ஒரு பெரிய முத்து. ஒற்றை வரிசை போட்டாலே கழுத்து நிறைந்துவிடும்.

பழங்காலத் தோற்றம் வரவேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் பொருளின் நிறத்தையும் பூவேலையையும் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் கண்ணை நம்ப வைப்பது அளவுதான். அளவு சரியாக இருந்தால் வெறும் அட்டையில் செய்தாலும் அது பெட்டி. அளவு பிசகினால் வெள்ளியில் செய்தாலும் விளையாட்டுச் சாமான்.

ஆனால் இந்தக் கணக்கு துணியிடம் செல்லாது. ஐந்தரை மீட்டர் புடவையை ஆறால் வகுத்தால் 92 சென்டிமீட்டர் வரும். அந்த நீளத்தில் வெட்டிக் கட்டிப் பாருங்கள், கொசுவம் வயிற்றில் மூட்டையாக நிற்கும். நீள அகலத்தை வகுத்துவிடலாம், நூலின் கனத்தை வகுக்க முடியாது. அதனால் நீளத்தை எழுபத்தைந்துக்குக் குறைத்து, மடிப்புகளையும் குறைத்துவிடுவேன். பழைய பட்டுப் புடவையின் கரையோரத்தில் மெல்லிய ஜரிகைக் கோடு ஒன்று ஓடும். அகலக் கரையை விட்டுவிட்டு அந்தக் கோட்டை மட்டும் பிரித்தெடுத்தால் பொம்மைப் புடவைக்கு அளவான கரை. ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம். ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வெட்டிய ஓரத்தில் தூரிகையால் ஒரு கோடு இழுத்தால் நூல் பிரியாது. வெட்டுவது கிழிந்துபோன புடவையாக மட்டும் இருக்கட்டும். முழுசாக இருக்கும் அம்மாவின் கூறைப் புடவையைப் பொம்மைக்காக வெட்ட வந்தவர்களிடம், வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

இனி ரயில் பயணச் சாமான்கள். எனக்கு மிகப் பிடித்தவை இவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரங்குப் பெட்டிக்கு செல்போன் வரும் அட்டைப்பெட்டியின் கெட்டி அட்டை போதும். 70 சென்டிமீட்டர் நீளப் பெட்டி என்றால் பதினொன்றரை. அகலம் ஆறரை, உயரம் நான்கு. மூடியின் விளிம்பு அடிப்பெட்டியின் மேல் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டும், நிஜ டிரங்கில் அப்படித்தான் இருக்கும். கீலுக்கு உலோகம் தேடாதீர்கள். உள்பக்கம் மெல்லிய வேட்டித் துணியை ஒட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் திறந்து மூடலாம். மூலைத் தகடுகளுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அலுமினிய டேப். கரும்பச்சை அடித்துக் காய்ந்த பிறகு, மூடியில் ஒரு ரோஜாவும் இரண்டு இலையும். அந்தக் காலப் பெட்டிகளில் வரைந்திருந்த அதே ரோஜா. பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் சொந்தக்காரரின் முதலெழுத்தும், கீழே 'டி.பி.ஜே.' என்ற திருச்சி ஜங்ஷனின் குறியீடும் எழுதுவேன். ரயில்வேக் குடும்பத்துப் பெரியவர்கள் கொலு பார்க்க வரும்போது அந்த மூன்று எழுத்தில் கண் பட்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு சுண்டல் ஆறிப்போகும் வரை பேச்சு ரயிலைப் பற்றித்தான்.

ஹோல்டாலுக்குக் காக்கிக் கால்சட்டைத் துணி. சுருட்டிய பிறகு அகலம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் வரலாம். வாருக்குப் பழைய கைக்கடிகாரப் பட்டையை 4 மில்லிமீட்டர் கீற்றுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். மேல் தோலை மட்டும் உரித்து எடுத்தால் இன்னும் மெலிதாக வளையும். பக்கிளை 24 கேஜ் கம்பியை வளைத்தே செய்துவிடலாம். உள்ளே ஒரு துண்டு ஜமக்காளமும் பஞ்சு அடைத்த குட்டித் தலையணையும் வைத்துச் சுருட்டுங்கள். யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லைதான். ஆனாலும் உள்ளே தலையணை இருக்கிற ஹோல்டாலுக்கு நடுவில் ஒரு மேடு வரும், வெறும் துணியைச் சுருட்டினால் அது வராது.

டிஃபன் கேரியருக்கு அச்சு உங்கள் பர்ஸிலேயே இருக்கிறது. இப்போது புழங்கும் ஒரு ரூபாய் நாணயங்களில் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை எடுங்கள். ஆறால் பெருக்கினால் 13 சென்டிமீட்டர், நிஜ அடுக்கின் அளவு. நாணயத்தைச் சுற்றி மெல்லிய அட்டைப் பட்டையை வளைத்து ஒட்டி, அடிப்பக்கம் வைத்து, அலுமினிய டேப்பால் பொதிந்துவிட்டு, ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் சுருக்கங்கள் போய் எவர்சில்வர் பளபளப்பு வரும். மூன்று அடுக்கு போதும், நான்காவது வைத்தால் பொம்மையின் கை தாங்காது. பக்கக் கம்பிக்கு 22 கேஜ்.

கூஜாதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். இரண்டரை சென்டிமீட்டர் மரமணி ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். கழுத்துக்கு ஒரு பீட் கேப்பைத் தலைகீழாக ஒட்டி, அதன் மேல் சட்டைப் பொத்தான் ஒன்றை மூடியாக வையுங்கள். தூக்குக்குப் பித்தளைக் கம்பி. பெயின்ட் கடையில் 'கோல்டு' என்று விற்பதை அப்படியே அடித்தால் கல்யாண மண்டப அலங்காரம் மாதிரி ஆகிவிடும். அதில் ஊசிமுனை அளவு கறுப்பும் அதைவிடக் குறைவாகப் பச்சையும் கலந்தால் புழங்கின பித்தளை. காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த பழுப்பு அக்ரிலிக்கை முழுக்கப் பூசி உடனே துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கும். புளி போட்டுத் தேய்க்கும்போது விரல் எட்டாத இடங்களில் அழுக்கு அப்படித்தான் தங்கும்.

பழமை ஏற்றுவதைப் பற்றி இன்னும் ஒன்று. வெள்ளை லேஸைப் பழசாக்க ஃபில்டர் காபி டிகாஷன் நல்லது. இரண்டாம் டிகாஷன் போதும், முதல் டிகாஷன் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நனைத்து நிழலில் உலர்த்துங்கள். எல்லாவற்றையும் பழசாக்கிவிடாதீர்கள். 1955இல் அந்தப் பெண்ணின் குடை புதுசாகத்தானே இருந்திருக்கும்? தினமும் கைபடுகிற கூஜாவும் மண்ணில் உட்காருகிற பெட்டியும் பழசாகட்டும், புதுப் புடவை புதுசாகவே இருக்கட்டும். இப்படிப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் அவளுக்கு ஒரு வீடும் வழக்கமும் இருப்பதாகத் தோன்றும்.

சங்கிலிக்கு வருகிறேன். திருச்சியில் இருந்துகொண்டு சங்கிலிக்கு வெளியூர் மாதிரிகளைத் தேடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துப் பெண்கள் விரும்பி அணிந்தவற்றில் 'டிரிச்சினோபோலி சங்கிலி' ஒன்று. பொன்னிலும் வெள்ளியிலும் மெல்லிய கம்பியைப் பின்னிச் செய்தது. அதன் புகழ் எவ்வளவு தூரம் போயிற்று என்றால், ஸ்காட்லாந்துப் பக்கத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த வைக்கிங் காலத்து வெள்ளிக்கம்பிப் பின்னல்களுக்கும் அங்குள்ள தொல்லியலாளர்கள் நம் ஊர்ப் பெயரையே வைத்து எழுதினார்கள். பின்னல் முறை அவ்வளவு ஒத்திருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து பொம்மைக்கு வேறு சங்கிலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கம்பிப் பின்னலை வீட்டிலேயே செய்யலாம். 30 கேஜ் பித்தளைக் கம்பி, ஒரு பல்குச்சி, அவ்வளவுதான். கம்பியில் நான்கு சிறு வளையங்களைப் பூவிதழ் போல வளைத்து அடியில் கட்டிக்கொள்ளுங்கள். பல்குச்சியின் நுனியில் கவிழ்த்து இதழ்களைக் கீழ்நோக்கி மடியுங்கள். தனிக் கம்பி ஒன்றை எடுத்து, ஒவ்வோர் இதழின் கழுத்துக்குப் பின்னாலும் நுழைத்து வெளியே எடுத்து ஒரு புது வளையம் விடுங்கள். சுற்றிச் சுற்றி இப்படியே இறங்கி வரவேண்டும். முதல் நான்கைந்து சுற்று கோணல்மாணலாகத்தான் இருக்கும், அதை வெட்டி எறிந்துவிடலாம். வேண்டிய நீளம் வந்ததும் பல்குச்சியை உருவிவிட்டு, மரப்பலகையில் பெரிதிலிருந்து சிறிதாகத் துளை போட்டு அவற்றின் வழியே ஒவ்வொன்றாக இழுங்கள். பின்னல் இறுகும், நீளும், பாம்பின் உடலைப் போல வழுவழுப்பாக வளையும்.

இழுக்கும்போது கம்பி அறுவது வழக்கம். பெரிய கடை வீதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் வயதான பத்தர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இழுக்க இழுக்கக் கம்பி முறுக்கேறிடும்ல? நடுவுல ஒருவாட்டி அனல் காட்டி ஆறவெச்சு இழுங்க, சொன்ன பேச்சு கேக்கும்," என்றார். அடுப்புத் தணலில் ஒரு கணம் காட்டி ஆறவிட்டால் கம்பி இளகிவிடுகிறது. மேலே வண்ணப்பூச்சு உள்ள கைவினைக் கம்பியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பூச்சு கருகிவிடும்.

இந்தப் பின்னல் எவ்வளவு இழுத்தாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குவது அரிது. பொம்மையின் கழுத்தில் அது அரை விரற்கடைக் கனம் காட்டும். ஆகவே கழுத்துக்கு வேண்டாம். கைப்பையின் வாராக, இடுப்புச் சங்கிலியாக, சாவிக் கொத்தின் கயிறாகப் போட்டுப் பாருங்கள், அவ்வளவு பொருத்தம். கழுத்துக்கு ஜர்தோசிச் சுருளை எடுத்து, உள்ளே தங்கூசி கோத்தால் போதும். கல் வேண்டும் என்றால் அதற்கும் நம் ஊர்தான். செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவது திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் வீட்டுத் தொழிலாக நடந்து வந்தது. ஒரு மில்லிமீட்டர் கல்லில்கூடப் பட்டை வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு கல்லை மூக்குத்தி இடத்தில் ஒட்டினால் பொம்மையின் முகமே மாறிவிடும்.

சிறிய உருவத்துக்கு எப்படி நகை பூட்டுவது என்று எனக்கு யாராவது பாடம் சொல்லிக் கொடுத்தார்கள் என்றால் அது ஸ்ரீரங்கம்தான். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள் நம்பெருமாளின் மோகினி அலங்காரம், மறுநாள் ரத்தினாங்கி, இன்னொரு நாள் பாண்டியன் கொண்டை. உற்சவ மூர்த்தியின் திருமேனி அளவுக்கென்றே செய்த ஆபரணங்கள் அவை. கும்பிட்டு முடித்துக் கூட்டத்தில் நகரும்போதும் என் கண் அந்த நகைகளின் மேலேயே இருக்கும். எத்தனை ஆபரணம் சாத்தினாலும் திருமுகம் முதலில் தெரியும். பெரிய நகைகள் தோளுக்குக் கீழே இறங்கியிருக்கும், முகத்தருகே இருப்பவை மெலிதாக இருக்கும். இந்த ஒழுங்கை அங்கே பார்த்துத்தான் கற்றேன். பொம்மைக்கு நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை என்று தலையில் எல்லாவற்றையும் ஏற்றுகிறவர்கள் ஒருமுறை புறப்பாடு சேவித்துவிட்டு வரட்டும்.

பூவும் ஸ்ரீரங்கத்துப் பாடம்தான். கதம்பச் சரத்தில் வெள்ளை, ஆரஞ்சு, நடுநடுவே மரிக்கொழுந்தின் பச்சை. பொம்மைக்கு இதைக் கட்ட எம்ப்ராய்டரி நூலே போதும். பச்சை நூலை வாழைநாராக வைத்துக்கொண்டு, வெள்ளை நூலில் முடிச்சுப் போட்டு முனையை வெட்டி, பூக்கட்டுகிற அதே முறையில் இரண்டிரண்டாக வைத்துக் கட்டுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மல்லிகையின் மிகச் சிறிய மொட்டும் பொம்மைக்கு வாழைப்பூ மாதிரி இருக்கும். தாழம்பூ ஜடைக்கும் தொப்பி அலங்காரத்துக்கும் நெட்டி அருமையான பொருள். நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெண்மையான சோறு அது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் தலையில் வைத்த சோலா தொப்பியும் இதில் செய்ததுதான். கூரான பிளேடு இருந்தால் இதழ் இதழாகச் சீவலாம், தந்தம் மாதிரி தெரியும், எடையே இருக்காது. பொம்மையின் தலை பின்னால் சாயாமல் இருக்க அந்த எடையின்மை பெரிய உதவி.

குறும்புக்கும் கற்பனைக்கும் இடம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு பொருளில் ஒரே இடத்தில் அதை வைக்கிறேன். மற்றதெல்லாம் அச்சு அசல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் தினமும் புதிதாக இலையாலும் பூவாலும் செய்து வைக்கிற கிளியைப் பார்த்திருப்பீர்கள். மாதுளம்பூதான் அதற்கு மூக்கு. அந்தக் கிளியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு குடைக்குப் பிடி செய்தேன். எட்டுக் கம்பி, ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர், பழைய தாவணியின் மெல்லிய துணி, ஓரத்தில் லேஸ். எல்லாம் நிஜக் குடை மாதிரியே. பிடியில் மட்டும் பச்சைக் கிளி, சிவந்த மூக்கோடு திரும்பிப் பார்க்கும். இன்னொன்று, வால்வு ரேடியோ வடிவக் கைப்பை. நான்கு சென்டிமீட்டர் அகலம். ஒலிபெருக்கித் துணியின் இடத்தில் ஜரிகைத் துண்டு, இரண்டு திருகுகளுக்கு இரண்டு ஹெட் பின். திருகைத் திருப்பினால் பை திறக்கும். பூனைக்கண் மூக்குக் கண்ணாடிக்குத் தயிர் டப்பா மூடியை வெட்டி, ஓரத்தில் கறுப்பு நெயில் பாலிஷ்; அதன் இறக்கை நுனியில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் கல். ரேடியோப் பையையும் கிளிக் குடையையும் ஒரே பொம்மைக்குக் கொடுக்க மாட்டேன். ஒருத்திக்கு ஓர் ஆசை போதும், அதைத்தான் பார்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

இந்த வேலையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு. ஃபேஷன் படங்கள் அச்சில் வருவதற்கு முன்பே, பிரான்ஸிலிருந்து மற்ற நாட்டு அரண்மனைகளுக்குப் புது உடைகளின் மாதிரியைப் பொம்மைகளுக்கு உடுத்தித்தான் அனுப்பினார்கள். 1945 மார்ச்சில், போர் இன்னும் முடியாத நேரத்தில், பாரிஸின் உடை வடிவமைப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து 'தியேட்டர் த லா மோட்' என்ற கண்காட்சியை வைத்தார்கள். துணிப் பஞ்சம், தோல் பஞ்சம். முழு அளவு உடைக்கு வழியில்லாததால், கம்பியால் செய்த 70 சென்டிமீட்டர் உருவங்களுக்கு உடை தைத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பொம்மைகள். கார்ட்டியே, வான் கிளீஃப் போன்ற நகைக்காரர்கள் அந்தச் சிறிய கழுத்துகளுக்கு நகை செய்தார்கள். தொப்பி, கையுறை, குடை, திறந்து மூடும் கைப்பை எல்லாம் அந்தந்தத் தொழில் வல்லவர்களே செய்து தந்தார்கள். வேலையில்லாமல் இருந்த கைகளுக்கு அது வேலை தந்தது, ஊருக்கு நம்பிக்கை தந்தது. அந்தப் பொம்மைகள் இன்று அமெரிக்காவின் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் நாட்டிலும் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் தில்லியில் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகத்தில் பட்டறை வைத்து, இந்திய உடைகளையும் நகைகளையும் ஆராய்ந்து பொம்மைகளுக்கு அணிவித்தார்கள்.

1959இல் வந்த முதல் பார்பியின் துணைப்பொருட்களையும் படங்களில் உற்றுப் பாருங்கள். ஒரு வெயில் கண்ணாடி, வளையத் தோடு, குதிகால் செருப்பு, அவ்வளவுதான். அந்தப் பொம்மையின் உடைகளை வடிவமைத்தவர் சார்லட் ஜான்சன், தைத்தவர்கள் ஜப்பானில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்த பெண்கள். அந்தத் தையலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் கையை வணங்கத் தோன்றும்.

அதே காலத்துப் பொம்மைகளிடமிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைத்திருக்கிறது. அந்தப் பழைய பொம்மைகளில் பலவற்றின் காதைச் சுற்றிப் பச்சையாகக் கறை படர்ந்திருக்கும். தோட்டின் உலோகத்திலிருந்த செம்பு, பொம்மையின் வினைல் உடலோடு சேர்ந்து ஊறியதன் விளைவு அது. படிந்துவிட்டால் எடுப்பது மிகக் கடினம். ஆகவே காதுக்குள் நுழையும் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ தங்கூசியாகவோ இருக்கட்டும். செம்பு, பித்தளைச் சாமான்களை உடம்பில் படாத இடத்தில் வையுங்கள். சங்கிலியைப் பைக்கும் இடுப்புத் துணிக்கும் மேலே போடச் சொன்னதற்கு இதுவும் காரணம். அடர் சிவப்பு, கறுப்புத் துணிகளின் சாயமும் வினைலில் இறங்கும். உள்ளே ஒரு வெள்ளை மல் துணிப் பாவாடை அவசியம். கொண்டைக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அது உருகி முடியோடு ஒட்டிக்கொள்ளும், நூல்தான் நல்லது. மரப்பாச்சிக்கு அலங்காரம் செய்பவர்களும் ஆணியோ குண்டூசியோ குத்த வேண்டாம். தலைமுறை தாண்டி வந்த செம்மரத்தை நூலால் கட்டியே அலங்கரிக்கலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள அறையின் பரண் அடுப்பாகக் காயும். குளூ கன்னில் ஒட்டியது இளகிக் கழன்றுவிடும். அதனால் கல், மணிக்கு நான் அதைத் தொடுவதே இல்லை. பேப்ரிக் குளூவும் நூலும்தான். பொம்மையையும் சாமானையும் தனித்தனியாக, துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் வையுங்கள். பாச்சை உருண்டை சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் போட்டால் போதும்.

சாமான் வாங்க எங்கே போவது? மலைக்கோட்டை அடிவாரத்தில் பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி, தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே மணி, ஜர்தோசி, கியர் வயர், ஜம்ப் ரிங் எல்லாம் கிடைத்துவிடும். நவராத்திரி நெருங்கும்போது போகாதீர்கள், கூட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கல்லைப் பொறுக்க முடியாது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு வேலைநாள் காலையில், இஞ்ச் டேப்போடும் பொம்மையோடும் போங்கள். கடைக்காரரிடம் "சின்ன மணி" என்று கேட்டால் அவருக்குச் சின்னதாகத் தெரிவதைத்தான் தருவார். பொம்மையை மேசை மேல் நிறுத்திக் காட்டிவிட்டால், அவரே ஆர்வமாகி உள்ளேயிருந்து பழைய சரக்கையெல்லாம் எடுத்துப் போடுவார். கொலு நேரத்தில் சிங்காரத்தோப்பு பூம்புகார் கைவினைக் கடைக்கும் போய் வாருங்கள். பொம்மைகளின் கையில் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே போகலாம்.

போன நவராத்திரிக்கு வந்த எதிர்வீட்டுப் பெண், நான்காம் வகுப்பு, ரயில் காட்சியின் முன்னால் ரொம்ப நேரம் குந்தியிருந்தாள். பிறகு, "ஆன்ட்டி, இவங்க எங்க போனாலும் ரயில்லதான் போவாங்களா? ஸ்ரீரங்கத்துக்கு சைக்கிள்ல போக மாட்டாங்களா?" என்றாள். "போவாங்களே கண்ணு, சைக்கிள் யார் செஞ்சு குடுக்குறது?" என்றேன். "நீங்கதான்."

அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். பழைய 28 அங்குலச் சக்கரத்தின் விட்டம் 71 சென்டிமீட்டர். ஆறால் வகுத்தால் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு. நம் வீடுகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் சி.டி. தட்டின் விட்டம் சரியாக 12. அதைச் சுற்றி 20 கேஜ் கம்பியை இறுக்கி வளைத்து எடுத்தால் வட்டம் பிசகாத ரிம் கிடைக்கிறது. முன்சக்கரத்துக்கு 32 ஆரக்கம்பி, பின்சக்கரத்துக்கு 40. அதற்குத் தங்கூசியே போதும் என்று நினைக்கிறேன். ஹேண்டில்பாரில் மாட்ட ஒரு பூக்கூடை நெட்டியில் சீவி வைத்திருக்கிறேன். மணி மட்டும் இன்னும் அகப்படவில்லை. கொலுசிலிருந்து உதிர்ந்த 6 மில்லிமீட்டர் சலங்கை யாரிடமாவது இருந்தால் எனக்குக் கொடுங்கள், அடித்தால் சத்தம் வரவேண்டும் என்பது அவளுடைய கண்டிப்பான உத்தரவு.